துணைக்கு ஒருவர்

என் அறைக் கதவில் ‘டாக்டர் ரூபி ஞானமுத்து’ என்று பலகை மாட்டிய புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் அப்படி ஒரு பலகையைப் பார்த்தால் சனங்கள் என்ன செய்வார்கள்? உள்ளே வந்ததும் நாக்கை நீட்டுகிறார்கள். போன வாரம் ஒருவர் சட்டையைக் கழற்றி முதுகுத் தேமலைக் காட்டினார். நான் ஊசி போடும் டாக்டர் இல்லை, இயற்பியல் டாக்டர். ஒளியின் வேகத்தை நெருங்கிப் போகிற பொருளுக்குக் காலமும் தூரமும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். அந்தப் படிப்புக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்று எந்தச் சோசியக்காரனும் சொல்லியிருக்க மாட்டான்.

கிடைத்தது. காரணம், ‘அவகாசம்’ என்கிற கப்பல்.

கடலில் போகிற கப்பல் இல்லை, விண்கப்பல். அந்த ஒரே பேரில் வருடத்துக்கு இரண்டு மூன்று புறப்படும். இன்றைக்கு மருந்தில்லாத நோய் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, ஒளியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் வெகுதூரம் போய்த் திரும்பி வரும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கும். தரையில் இருபது வருடம் ஓடியிருக்கும். அந்த இருபது வருடத்தில் யாராவது மருந்து கண்டுபிடித்திருந்தால் நோயாளி பிழைத்தார். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நேரம் வேண்டும், நோயாளியின் உடம்புக்கோ நேரம் இல்லை, நடுவில் இந்தக் கப்பல். இதை யோசித்தவர் மூளைக்காரர், சந்தேகமே இல்லை. அவர் நம் ஊர்க் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில்லை, அவ்வளவுதான்.

அந்த வேலையைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். புறப்படும் முன்னால் குடும்பத்தை உட்காரவைத்து, காலம் எப்படி மாறும், தூரம் எப்படிச் சுருங்கும் என்று விளக்கி, புரிந்ததா என்று கேட்க வேண்டும். எல்லாரும் புரிந்தது என்பார்கள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “அப்ப பொங்கலுக்கு லீவு உண்டுல்லா?” என்று கேட்பார்கள்.

வெளிநாட்டுக் கப்பல்களில் நோயாளி மட்டும்தான் போகிறார். படுக்கையே நாடி பார்க்கும், மருந்து கொடுக்கும், புரட்டிப் படுக்கவைக்கும். நம் கப்பலிலும் அதே படுக்கைதான். ஆனால் முதல் பயணத்தின்போதே நம் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கூட நம்ம ஆள் ஒருத்தர் இல்லாமல் எப்படி அனுப்புவது, தண்ணி கேட்டால் யார் கொடுப்பது என்று ஒரே பிடிவாதம். நம் ஆஸ்பத்திரி வழக்கம்தானே அது. கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து ஒருவர். கடைசியில் நிர்வாகமே இறங்கி வந்து விதி போட்டது. ஒரு நோயாளிக்கு ஒரு துணை, குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும், துணை இல்லாவிட்டால் பயணம் இல்லை. அன்பினால்தான் கேட்டார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த அன்புக்கு யாரைப் பிடித்துக் கொடுப்பது என்கிற பஞ்சாயத்துதான் என் அறையில் நடக்கிறது.

அன்றைக்கு வந்தது கல்லிடைக்குறிச்சிக் குடும்பம். சக்கர நாற்காலியில் இசக்கி, வயது முப்பத்து மூன்று. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். கால்கள் போய்விட்டன, கைகளில் பாதி உயிர், பேச்சும் இழுக்கத் தொடங்கியிருந்தது. மிஞ்சிப்போனால் இரண்டு வருடம் என்று ஊசி போடும் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அக்கா கோமதி, நாற்பத்தொரு வயது. பின்னால் இசக்கியின் புருஷன் சுடலைமணி, அம்பாசமுத்திரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் முன்னால் அம்மா பேச்சியம்மாள். இசக்கிக்கு ஏழு வயதில் வடிவு என்று ஒரு மகள். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“டாக்டரம்மா, இவளுக்கு ரெண்டு நாளா சரியா வெளிக்கிப் போகல,” என்று தொடங்கினாள் பேச்சியம்மாள்.

“அதுக்கு மேல்மாடியில வேற டாக்டர் இருக்காங்கம்மா. நான் கடிகாரத்துக்கு.”

“கடிகாரத்துக்கா?”

“ஆமா. கப்பல்ல கடிகாரம் மெதுவா ஓடும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“மெதுவா ஓடுனா பேட்டரிய மாத்திர வேண்டியதுதான?”

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் ஆள் பேச்சியம்மாள் இல்லை.

“கடிகாரம் மட்டும் இல்லம்மா. நாடி துடிக்கிறது, நகம் வளர்றது, பசிக்கிறது, நோய் முத்துறது, அத்தனையும் மெதுவா நடக்கும். ஆனா உள்ள இருக்கிறவங்களுக்கு அது தெரியாது. அவங்களுக்கு ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாத்தான் இருக்கும். திரும்பி வந்து நம்ம கூட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும். அவங்களுக்கு ஒரு வருஷம், நமக்கு இருபது வருஷம்.”

“தூங்கி முழிச்ச மாதிரின்னு சொல்லுங்க.”

“தூங்க மாட்டாங்கம்மா. ஒரு வருஷமும் முழிச்சுக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு, பேசிக்கிட்டு இருப்பாங்க.”

“அப்ப சரி. வாரத்துக்கு ஒராளா மாத்தி மாத்தி இருந்துக்கிடுதோம். முதல்ல கோமதி இருக்கட்டும், பொறவு எங்க சித்தி மக ஒருத்தி இருக்கா...”

“மாத்த முடியாது. கதவைச் சாத்தினா சாத்தினதுதான்.”

“சோறாவது குடுத்து விடலாமா? இவ கண்ட சோறு திங்க மாட்டா.”

சுடலைமணி தொண்டையைச் செருமினார். அதுவரை சுவரில் இருந்த பயண வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

“மேடம், எனக்கு ஒரு சந்தேகம். பத்து ஒளியாண்டு போயி, பத்து ஒளியாண்டு திரும்பி வரும்னு போட்டிருக்கு. ஒளியே போயிட்டு வர இருபது வருஷம் ஆகும். ஒளியவிட வேகமா எதுவும் போகாதுன்னு நாங்களும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். பொறவு இவங்களுக்கு மட்டும் எப்படி ஒரு வருஷத்துல முடியும்?”

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தக் கேள்விக்காக நான் மாதக்கணக்கில் காத்திருப்பேன்.

“அருமையான கேள்வி. அவங்க ஒளியைவிட வேகமா போகல. அவங்களுக்கு ரோடு சுருங்கிடுது. உங்க கடையில இருபதடி பைப் இருக்கா?”

“பிவிசியா, ஜிஐயா?”

“எதுவோ ஒண்ணு. அதை ஒருத்தன் இந்தக் கப்பல் வேகத்துல தூக்கிட்டு ஓடுறான்னு வைங்க. நீங்க கடை வாசல்ல நின்னு அளந்தா அது ஒரு அடிதான் இருக்கும்.”

“அறுத்துட்டானா?”

“அறுக்கல. தூக்கிட்டு ஓடுறவன் அளந்தா இருபதடியேதான். வேகமா நம்மைக் கடந்து போற பொருள், போற திசையில சுருங்கும். இப்ப கப்பல்ல உட்கார்ந்து யோசிங்க. கப்பல் நிக்குது, ரோடுதான் எதிர ஓடி வருது. அதனால ரோடு சுருங்கிடும். நம்ம பத்து ஒளியாண்டு அவங்களுக்கு அரை ஒளியாண்டு. போக அரை, வர அரை. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.”

சுடலைமணி விரலால் மேசையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். “அப்ப எது மேடம் நிஜமான நீளம்?”

“ரெண்டும்.”

“ரெண்டும்னா? பில்லு எதுக்குப் போட?”

“யாரு அளக்குறாங்களோ அவங்களுக்கு அது நிஜம். தூரமும் அப்படித்தான், காலமும் அப்படித்தான். ஒண்ணு பொய், ஒண்ணு மெய்யின்னு கிடையாது.”

அவர் தலையாட்டினார். பேச்சியம்மாளும் ஆட்டினாள். எனக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு குடும்பம் வாய்த்ததே என்று நினைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

“துணைக்கு யாரு போறீங்க?”

“கோமதி,” என்றாள் பேச்சியம்மாள். தண்ணீர்க் குடத்தை யார் எடுத்துவருவது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

“கோமதிகிட்ட கேட்டீங்களா?”

“அவகிட்ட என்னத்தைக் கேக்க? அவதான் எப்பவும் இருப்பா. அவ அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவதான் இருந்தா. இவ பிரசவத்துக்கு அவதான். எனக்கு முட்டு ஆபரேசன் பண்ணுனப்பவும் அவதான். நல்ல அனுபவம் இருக்கு மேடம்.”

கோமதி தங்கையின் கழுத்துக்குக் கீழே நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “எனக்கு ஆவணியில ரிஜிஸ்டர் கல்யாணம் மேடம்.”



“கேட்டீங்களா கூத்த?” என்றாள் பேச்சியம்மாள் என்னைப் பார்த்து. “நாப்பத்தோரு வயசுல கல்யாணம் கேக்குதாம். தங்கச்சி இப்படிக் கெடக்கா, இவளுக்கு மாலை வேணுமாம்.”

விசாரித்ததில் விஷயம் வந்தது. மாப்பிள்ளை பேர் கணேசன், டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், கோமதியைவிட ஐந்து வயது மூத்தவர். இசக்கியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் தேடி அலுத்துப்போய், கோமதி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறாள். கிளட்சும் கியருமாகப் பேச ஆரம்பித்து, பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. இதற்கு முன்னால் அவளை யாரும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டதில்லையாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

“ஏட்டி, கல்யாணம் எங்கயும் ஓடிப் போயிராது,” என்றாள் பேச்சியம்மாள். “ஒரே ஒரு வருஷந்தான. கண்ண மூடித் தொறக்க முன்ன வந்துருவ.”

“ஆமா மைனி,” என்றார் சுடலைமணி. “உங்களுக்கு ஒரு வருஷந்தான். மேடம்தான் இவ்வளவு நேரமும் சொன்னாங்கள்லா.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “நீங்க போகலாமே? உங்க மனைவிதானே?”

“நானா?” நிஜமாகவே திடுக்கிட்டார். “எப்படி மேடம்? இருபது வருஷம்! திரும்பி வாரப்ப வடிவுக்கு இருபத்தேழு ஆயிரும். அவ பள்ளிக்கூடம், காலேஜு, கல்யாணம், எதையும் நான் பாக்க முடியாது. கடைய யாரு பாப்பா? வந்து நின்னா என் பிள்ளைக்கே என்னை அடையாளம் தெரியாது. இருபது வருஷம்னா சும்மாவா?”

“கோமதி போனா எத்தனை வருஷம்?”

“மைனிக்கு ஒரு வருஷம்.”

“நீங்க போனா?”

“இருபது...” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக அடக்கிவைத்தது. இந்த அறைக்குள் வந்த எத்தனை குடும்பங்கள்! எத்தனை கல்யாணமாகாத அக்காக்கள், எத்தனை புருஷனைப் பறிகொடுத்த அத்தைகள், எத்தனை இளைய மருமகள்கள்! கப்பலில் துணைக்குப் போனவர்களில் ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதே ‘ஒரு வருஷந்தான்’.

“ஒரே கப்பல், ஒரே கட்டில், ஒரே பாய்,” என்று மேசையில் அடித்தேன். “அதுல நீங்க ஏறுனா இருபது வருஷம், அவங்க ஏறுனா ஒரு வருஷமா? எந்த ஊர் இயற்பியல் இது? அவங்க திரும்பி வாரப்ப அந்தக் கணேசனுக்கு என்ன வயசு? அவர் அதுவரைக்கும் ஆவணி மாசத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரா?”

பேச்சியம்மாள் அசரவே இல்லை. “ரெண்டும் நிஜம்னு நீங்கதான சொன்னீங்க?”

படித்த படிப்பெல்லாம் இவள் கையில் அரிவாள்மணையாகிவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சொன்னேன். யாரு போனாலும் ரெண்டும் சேர்ந்துதான் வரும்னு அர்த்தம். உங்களுக்கு வசதியானதை நீங்க எடுத்துக்கிட்டு, மிச்சத்தை அவங்க தலையில வைக்கிறதுக்குச் சொல்லல.”

கோமதி தலையணையை விட்டுக் கையை எடுத்தாள். “நான் போகல,” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இதுவரை அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை என்பது மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழத் தயாரானாள். அதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. இசக்கி ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேச முடியும். எல்லாரும் காத்திருந்தோம்.

“அக்கா... சொல்லுதது... சரி. ஏங்க... நீங்க வாங்க.”

சுடலைமணி அப்படியே மனைவி முன்னால் குந்தினார். வெகுநேரம் அவளுடைய துவண்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அதனால் அவரும் யோசித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சரி மேடம். நானே போறேன். கடைய அடைச்சா அடைச்சிட்டுப் போவுது.”

எனக்கு ஒரு டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு ஒரு ஆளுக்கு உபயோகப்பட்டுவிட்டது என்ற மிதப்பு. கோமதி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு நன்றாக இருந்தது. கைப்பையைத் திறந்து போனைத் தேட ஆரம்பித்தாள்.

“அப்ப வடிவு?” என்றாள் பேச்சியம்மாள்.

“நீங்க இருக்கீங்களேம்மா,” என்றேன்.

“எனக்கு முட்டு மடங்காது. நான் இன்னும் எத்தனை காலத்துக்கு? பொட்டப்பிள்ளை மேடம், வளத்து ஆளாக்கணும்லா.” அவள் யோசிக்கக்கூட இல்லை. பார்வை நேராகக் கோமதியிடம் போனது. “பெரியம்மா இருக்கும்போது வேற யாரு பாப்பா?”

“மைனிகிட்ட இருக்கான்னா நான் நிம்மதியாப் போவேன்,” என்றார் சுடலைமணி. மனதாரத்தான் சொன்னார்.

கோமதியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. “நான் பாத்துக்கிடுதேன். அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எங்ககூடவே இருக்கட்டும்.”

“எவரு?” என்று பேச்சியம்மாள் குரலை உயர்த்தினாள். “அப்பனும் ஆத்தாளும் ஊர்ல இல்லாத பொட்டப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு எவனோ ஒருத்தன் வீட்டுக்கா போவ? ஊரு காறித் துப்பாது? நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வருவானா? வடிவு நம்ம வீட்டுலதான் வளரணும். நீயும் நம்ம வீட்டுலதான் இருக்கணும். அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டு, பொறவு நீ என்னமும் பண்ணு.”

சுடலைமணி தரையைப் பார்த்தார். வேறொருவர் வீட்டில் மகள் வளர்வது அவருக்கும் பிடிக்கவில்லை, வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். “ஆமா மைனி,” என்றார் மெதுவாக. “நாங்க வந்த பொறவு...”

நான் மறுபடி மேசையில் அடிக்கக் கையைத் தூக்கினேன். அதற்குள் இசக்கி பேச ஆரம்பித்திருந்தாள்.

“உங்கிட்ட... இருந்தா... எனக்குப் பயமில்லக்கா.”

அம்மாவோடு சண்டை போடலாம், தங்கை புருஷனோடு மல்லுக்கு நிற்கலாம். இதற்கு எதிராக என்ன சொல்வது? அந்தப் பெண் சாகக் கிடக்கிறாள். அவள் கேட்டது தன் பிள்ளைக்கு ஒரு மடி. நான் தூக்கிய கையைக் கீழே போட்டேன்.

கோமதி தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு என்னிடம், “மேடம், இவங்களைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க. எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றாள்.

மூன்று பேரும் வெளியே போனதும் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“தரையில இருக்கிறவங்களுக்கு இருபது வருஷம். அதைக் கொறைக்க ஏதும் வழி இருக்கா?”

“இல்லம்மா. போறவங்களுக்குத்தான் குறையும். இருக்கிறவங்களுக்கு அப்படியேதான் ஓடும்.”

“அப்ப இங்க இருந்தா எனக்கு அறுபத்தொண்ணு ஆயிரும்.”

“கோமதி, நீங்க யாரு பேச்சையும் கேக்க வேண்டாம். வடிவைக் கூட்டிக்கிட்டு நேரா அவர் வீட்டுக்குப் போங்க. யாரு என்ன செஞ்சிருவாங்க?”

“தெனமும் வாசல்ல வந்து நிப்பாங்க மேடம். எங்கம்மா நிப்பா, சித்தி நிப்பா, தெருவே நிக்கும். பிள்ளை முன்னால அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவாங்க. அவர் பொறுத்துக்கிடுவாரு. நான் அதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். இருபது வருஷம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “என் பேரையே எழுதிருங்க. நான் போறேன்.”

“பைத்தியமா உங்களுக்கு? இப்பதானே மாட்டேன்னு சொன்னீங்க!”

“அப்ப ஒரு பக்கம்தான் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் மாட்டுததுதான்னு இப்ப தெரிஞ்சு போச்சு. எதுல கொஞ்சமா மாட்டுவேன்னு பாக்குதேன்.” அவள் குரலில் அழுகை இல்லை. கடையில் பொருளைத் திருப்பிப் பார்ப்பவளின் நிதானம். “இசக்கி நான் வளத்த பிள்ளை. அவகூட ஒரு வருஷம் இருக்கிறது எனக்குக் கஷ்டமில்ல. திரும்பி வாரப்ப எனக்கு நாப்பத்திரண்டுதான். வடிவு வளந்திருப்பா. அம்மா இருக்க மாட்டா. இசக்கி வீட்டுக்காரரும் ஓஞ்சிருப்பாரு. அப்ப என்னை இதைச் செய்யி அதைச் செய்யின்னு சொல்ல ஆளு இருக்காதுல்லா?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“கணேசன்?”

“அவருக்கு அறுபத்தாறு.” எழுந்து நின்றாள். “நான் இங்க இருந்தாலும் அவர் எனக்குக் கெடைக்க மாட்டாரு. போனா என் வயசாவது எனக்கு மிஞ்சும்.”

நான் அவளைத் தடுத்தேன். ஒரு வாரம் யோசிக்கச் சொன்னேன், நிர்வாகத்திடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன், அந்தத் துணை விதியையே தூக்கிப் போட முடியுமா என்று கேட்கிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். கப்பலுக்குப் பத்து நாள்கூட இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கதவைத் திறந்து செய்தியைச் சொன்னபோது பேச்சியம்மாள் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “எம்மவ தங்கம் மேடம். எனக்குத் தெரியும் அவ மாட்டேன்னு சொல்ல மாட்டான்னு,” என்றாள். சுடலைமணி வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் நிம்மதியில் இறங்கியதைப் பார்த்தேன். இசக்கி மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முதல் சொல் வருவதற்குள் நாற்காலியைத் திருப்பிவிட்டார்கள்.

கோமதி வாசலில் பின்தங்கினாள்.

“மேடம், கீழ கார் நிறுத்துத எடத்துல ஒருத்தர் நிக்காரு. அவருகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லிருதீங்களா? நான் சொன்னா பாதியிலயே அழுதுருவேன். நீங்க சொன்னா விவரமாப் புரியும்.”

இது என் வேலை இல்லை. ஆனாலும் இறங்கிப் போனேன். படி முழுக்க எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன். பேச்சியம்மாளை, ஊரை, அந்த விதியை, கப்பலை யோசித்த மூளைக்காரரை, ‘ரெண்டும் நிஜம்’ என்று பெருமையாகச் சொன்ன என்னை.

வேப்பமரத்துக்கு அடியில், முன்னாலும் பின்னாலும் எல் போர்டு ஒட்டிய சிவப்புக் கார் நின்றது. அதன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு ஒல்லி மனிதர். நரைத்த மீசை, தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை. என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

“கோமதி வரலியா மேடம்?”

“வருவாங்க. நான் ஒண்ணு சொல்லணும்.” எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடிகாரம், பைப் எதுவும் உதவிக்கு வரவில்லை. “துணைக்கு அவங்கதான் போறாங்க.”

அவர் கார்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். நான் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். ஏன் என்று கேட்பார், யார் முடிவு செய்தது என்று கத்துவார், கத்தட்டும் என்று இருந்தது. எனக்கும் சேர்த்து அவர் கத்தினால் நன்றாக இருக்கும்.

“திரும்பி வர எத்தனை வருஷம் மேடம்?”

“இருபது.”

அவர் தலை குனிந்தது. மரத்திலிருந்து உதிர்ந்த பழம் ஒன்று காரின் மேல் விழுந்து உருண்டது.

“அவளுக்கும் இருபதா?”

“இல்ல. அவங்களுக்கு ஒரு வருஷம்தான். உள்ள இருக்கிறவங்களுக்குக் காலம் மெதுவா போகும்.”

“நல்லாத் தெரியுமா மேடம்? இருக்கிறது ஒரு வருஷம், ஆனா தோணுதது இருபது வருஷம், அப்படி ஏதும் இல்லியே?”

“இல்ல. தோணுறதும் ஒரு வருஷம்தான்.”

அவர் மூச்சை விட்டார். துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப சரி மேடம்,” என்றார். “அவளும் அத்தனை வருஷம் அங்க கெடந்து கஷ்டப்படணுமோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.”